ஆறும் எஃகு

காலை பத்தே முக்காலுக்கு கஸ்பார் ஏணியில் ஏறி, கூரையில் இருந்த கதவின் சக்கரத்தைத் திருப்பி, தோளால் முட்டினார். கதவு அசையவில்லை. சக்கரத்தை மறுபடி பூட்டித் திறந்து இன்னொரு முறை முட்டினார். பிறகு கீழே இறங்கி வந்து, பழைய துணியில் கையைத் துடைத்தபடி சொன்னார்.

"மேடம், கதவு ஒட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. ஒருக்க வந்து பாருங்க."

உமையாள் சுவரில் சுரண்டி எடுத்த உலோகத் துகள்களைச் சிறு குப்பிகளில் அடைத்துக்கொண்டிருந்தாள். "ஈரமா இருக்கும். நல்லா தள்ளிப் பாருங்க அண்ணே."

"தள்ளியாச்சு. காலைல வரும்போதே லேசாப் பிடிச்சுது. அஞ்சு வருசமா தெறந்து மூடுத கதவு, அதோட வலு எனக்குத் தெரியாதா? இது வேற என்னமோ."

அவர்கள் இருந்தது கடலுக்கு அடியில். தூத்துக்குடிக் கரையிலிருந்து இருபத்தாறு கிலோமீட்டர் தள்ளி, தொண்ணூறு மீட்டர் ஆழத்தில், கடல் தரையில் எட்டு இரும்பு அறைகள் பதிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய பம்பு. ஆழத்தின் குளிர்ந்த நீரை உறிஞ்சிக் கரையில் இருந்த குடிநீர் ஆலைக்கு அனுப்புவது அதன் வேலை. பம்பு ஓடும்போது அறையில் இரண்டு பேர் இருந்தாக வேண்டும் என்பது விதி. மேலே மிதக்கும் மேடையிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் ஒரு கூண்டு இறங்கி, கூரைமேல் உட்கார்ந்து, தண்ணீர் புகாமல் கவ்விக்கொள்ளும்; ஆள் உள்ளே இருக்கும்வரை அங்கேயே நிற்கும். கூரைக் கதவைத் திறந்தால் கூண்டு. அது ஒன்றுதான் வழி.

கஸ்பாருக்கு நாற்பத்து நான்கு வயது. சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்தவர். அறைகள் வந்தபோது பம்பு மெக்கானிக்காகச் சேர்ந்தார். உமையாள் காரைக்குடிப் பக்கம். வயது முப்பத்தேழு. இந்த அறைகள் எந்த உலோகத்தால் ஆனவையோ, அந்த உலோகத்தை உருவாக்கிய குழுவில் இருந்தவள். வருடாந்தரச் சோதனைக்காக அன்று, வெள்ளிக்கிழமை, கஸ்பாரின் வழக்கமான கூட்டாளிக்குப் பதிலாக ஐந்தாம் அறைக்கு இறங்கியிருந்தாள்.

அவள் ஏணியில் ஏறி டார்ச்சை அடித்துப் பார்த்தாள். கதவின் விளிம்பும் சட்டமும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு இருந்தது. இடைவெளி இல்லை. தன் பெட்டியிலிருந்து இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை எடுத்து அதன் மிக மெல்லிய தகட்டைக் கோட்டில் செருகப் பார்த்தாள். தலைமுடி அளவு கனம்கூட இல்லாத அந்தத் தகடு வழுக்கியதே தவிர உள்ளே போகவில்லை. இரண்டு இடங்களில் கோடே காணாமல் போயிருந்தது.

பார்க்க வேண்டியதைப் பார்த்த பிறகும் அவள் கொஞ்ச நேரம் ஏணியிலேயே நின்றாள். பிறகு இறங்கி, சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்து மேலே மேடையில் இருந்த திட்டத் தலைவர் அறவாழியைக் கூப்பிட்டாள்.

"சார், அஞ்சாம் ரூம் கதவு சேந்துபோச்சு."

"சேந்துபோச்சுன்னா?"

"கதவும் சட்டமும் ஒரே உலோகமாயிடுச்சு. சுவர்ல ஓடுற கரண்ட்ட யாரு ஏத்துனது?"

"திங்கக்கிழமை காலைல ஏத்தினோம். மூணு மடங்கு. ஒரு கப்பலோட நங்கூரம் உரசினதுல மேற்குச் சுவர்ல விரிசல் விட்டுடுச்சு. ஆறட்டும்னு ஏத்தினோம். உங்க ஆபீசுக்குச் சொல்லியிருந்தோமே."

"எனக்கு யாரும் சொல்லல. உடனே நிறுத்துங்க சார்."

"நிறுத்த முடியாது உமையாள். விரிசல் பாதிதான் மூடியிருக்கு. மீதியப் பிடிச்சு வச்சிருக்கறதே அந்தக் கரண்ட்டுதான். நிறுத்தினா சுவர் அரை மணி நேரம் தாங்குமான்னு எனக்கே தெரியாது."

"அப்ப எங்களை எப்படி வெளிய எடுக்கப் போறீங்க?"

"கூண்டுக்குள்ள இருந்து அறுக்கணும். அதுக்கு ஆளுங்க விசாகப்பட்டினத்துலேர்ந்து வரணும். நாளைக்கு மத்தியானம் ஆயிடும். காத்து வந்துட்டுத்தானே இருக்கு? கொஞ்சம் பொறுமையா இருங்க."

அவள் ரிசீவரை வைத்ததும் கஸ்பார் கேட்டார். "என்ன சொல்லுதாரு?"

அவள் சொன்னாள். கஸ்பார் முழுக்கக் கேட்டார். ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை. கடைசியில், "எனக்கு வெளங்கல மேடம்" என்றார். "விரிசல்தான தன்னால ஆறும்னு சொன்னாவ. கதவு எப்பிடி ஆறும்?"

"இரும்புக்கு எது விரிசல், எது கதவுன்னு தெரியாது அண்ணே. ரெண்டும் இடைவெளிதான்."

அவர் விளங்காத முகத்தோடே நின்றார். உமையாள் பம்பின் பீடத்தில் உட்கார்ந்தாள்.

"கூட்டமான பஸ்ஸுல எல்லா சீட்டும் நிறைஞ்சிருக்குன்னு வைங்க. யாரும் நகர முடியாது. ஒரு சீட் காலியா இருந்தா பக்கத்துல இருக்கறவர் அதுல போய் உக்காருவார். அவர் சீட் காலியாகும். அதுல இன்னொருத்தர். இப்படி நகர்ந்து நகர்ந்து கடைசி வரிசைக்காரர் முன்னாடி வந்துடலாம். இரும்புக்குள்ள அணுக்கள் அப்படித்தான் வரிசையா உக்காந்திருக்கு. சாதாரண இரும்புல காலி சீட் ரொம்பக் கம்மி. நல்லா காய்ச்சினாத்தான் நகரும். நாங்க இந்த எஃகுல வேணும்னே நிறைய காலி சீட் வச்சோம். லேசா கரண்ட் குடுத்தா போதும், குளிர்லயே நகரும். விரிசல் விட்டா ரெண்டு பக்கத்து அணுவும் இடம் மாறி மாறி உக்காந்து அந்த இடத்தை அடைச்சுடும்."

"கதவையும் அடைச்சிரும்."

"ரெண்டும் நேரா தொட்டா அடைச்சுடும். தொடக் கூடாதுன்னுதான் கதவு விளிம்புல பீங்கான் பூச்சு குடுத்திருக்கோம். அது கரைஞ்சுபோச்சு."

கஸ்பார் தலையை ஆட்டினார். பிறகு காற்று வரும் குழாயின் பக்கம் போய் உள்ளங்கையை நீட்டினார். மேலிருந்து வரும் காற்று சீறாமல் இருக்க, குழாயின் வாயில் ஊசிமுனைத் துளைகள் போட்ட ஒரு கனத்த தகடு வைத்திருந்தார்கள். அவர் கை அங்கேயே நின்றது.

"மேடம். காத்து கொறையுது."

உமையாள் டார்ச்சோடு ஓடி வந்து தகட்டைப் பார்த்தாள். அதில் நாற்பது துளைகள் இருக்க வேண்டும். எண்ணினாள். பத்தொன்பது இருந்தன. மற்றவை இருந்த இடத்தில் அம்மைத் தழும்புபோலச் சிறு குழிகள். தகடும் அதே எஃகு; அதன் துளைகளுக்குக் கொடுத்த பூச்சும் கதவில் போலவே கரைந்துவிட்டிருந்தது.

"சின்ன ஓட்டைதான் முதல்ல மூடும்" என்றாள்.

"அப்போ கரண்ட்டு இருந்தா மூச்சு முட்டிச் சாவோம். கரண்ட்டு நின்னா முங்கிச் சாவோம். அதான?"

"ஆமா அண்ணே."

கஸ்பார் கருவிப் பெட்டியைத் திறந்து பேட்டரியில் ஓடும் கைத் துளையானை, அதாவது டிரில்லை, எடுத்தார். தகட்டைக் கழற்றப் பார்த்தார். அது குழாயோடு சேர்ந்துபோயிருந்தது. அதன் முனையில் மாட்டும் பிட்டுகளில் பெரியது மூன்று மில்லிமீட்டர். அப்படி நான்கு இருந்தன. ஒன்றை மாட்டி, மூடிப்போன துளைகளில் ஒன்றைத் துளைத்தார். நாலு விரல் கனத் தகடு. ஒரு துளை போட எட்டு நிமிடம் ஆனது. காற்று புஸ்ஸென்று அவர் முகத்தில் அடித்தது. உமையாள் கடிகாரத்தைப் பார்த்தபடி அந்தத் துளையையே கவனித்தாள். ஐம்பது நிமிடத்தில் அது பென்சில் முனை அளவுக்குச் சுருங்கியது.

நாளை மத்தியானம் வரை இன்னும் இருபத்து நான்கு மணி நேரம். பேட்டரிகள் இரண்டு. கணக்குப் போட வேண்டியதே இல்லை.

காற்று குறைவதை மேலே சொல்லிவிட்டு, வீட்டுக்கு இணைப்பு வாங்கினார் கஸ்பார். அவர் மனைவி ஃபிலோமி எடுத்தாள். பின்னணியில் குக்கர் விசில் சத்தம் உமையாளுக்கே கேட்டது.

"ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்புட்டேன். மதியத்துக்கு எனக்குப் பாக்காத, லேட்டாவும். என்ன கொளம்பு? ... சரி, பிள்ளேளுக்குக் குடு. எனக்கு எடுத்து வைக்காண்டாம்." சற்று நேரம் அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "மூத்தவா பரிச்ச எழுதிட்டு வந்துட்டாளா? எப்பிடி எழுதிருக்காளாம்? ... சரி. சரி, வைக்கேன்."

வைத்துவிட்டு உமையாளைப் பார்த்தார். "நீங்க பேசலயா?"

அவளுக்கு ஏழு வயதில் ஒரு மகன். பள்ளியில் இருப்பான். கணவர் பெங்களூரில். பேசினால் அழுதுவிடுவாள் என்று தெரிந்தது. வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அவள் மறுபடி ஏணியில் ஏறிக் கதவின் கீழே உட்கார்ந்துகொண்டாள். கதவு பதினெட்டு சென்டிமீட்டர் கனம். ஆனால் அது சட்டத்தைத் தொடுவது சுற்றிலும் இரண்டு விரல் அகலமுள்ள ஓர் உதட்டில் மட்டும்தான். அந்த இரண்டு விரல்தான் அவர்களைப் பிடித்து வைத்திருந்தது. சேர்ந்ததை மறுபடி பிரிக்க முடியாது. கலந்த பாலையும் டிகாக்ஷனையும் பிரிப்பது போன்ற வேலை அது. ஆனால் பலவீனமாக்கலாமா?

ஆறெஃகு என்று அவர்கள் பெயரிட்டிருந்த இந்த எஃகில் மாங்கனீசு கலந்திருந்தார்கள். அந்த உலோகத்துக்குள் வேகமாக நடமாடுவது அதுதான். மற்ற அணுக்கள் ஓரடி வைப்பதற்குள் அது பத்தடி வைக்கும். அது ஒரு பக்கமாக வெளியே ஓடிவிட்டால்?

"அண்ணே, இங்க செம்பு எங்க இருக்கு? தகடு மாதிரி, நீளமா?"

கஸ்பார் யோசித்தார். "எர்த் பட்டை இருக்கு. ரூமச் சுத்தி ஓடுதே, அது செம்புதான். எதுக்கு?"

"மாங்கனீசுக்குச் செம்பு ரொம்பப் பிடிக்கும். பக்கத்துல செம்பு இருந்தா இருக்கற இடத்த விட்டுட்டு அதுக்குள்ள ஓடும். செம்பு அதே வேகத்துல இந்தப் பக்கம் வராது. பஸ்ஸுல பத்துப் பேர் இறங்கி ரெண்டு பேர்தான் ஏறினா?"

"சீட்டு காலியாக் கெடக்கும்."

"அந்தக் காலி சீட்டெல்லாம் ஒண்ணா சேர்ந்தா ஓட்டை. கதவோட உதட்டுக்குள்ள ஆயிரக்கணக்குல ஓட்டை. எலும்பு அரிச்ச மாதிரி ஆயிடும். அப்புறம் அடியிலேர்ந்து தள்ளினா உடையும்."

"எத்தன மணி நேரம் ஆவும்?"

"இப்ப ஓடுற கரண்ட்டுல ரெண்டு நாள்." அவள் நிறுத்தினாள். "அஞ்சு மடங்கா ஏத்தினா நாலு மணி நேரம் இருக்கலாம்."

"ஏத்துனா காத்து ஓட்டையும் வெரசா மூடுமே."

"மூடும். பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு."

கஸ்பார் துளையானைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எர்த் பட்டையின் முதல் போல்ட்டைக் கழற்றத் தொடங்கினார்.

பட்டையைக் கழற்றி, கதவின் உதட்டை அரத்தால் ராவிப் பளபளப்பாக்கி, சுற்றிலும் இரண்டு அடுக்காகப் பட்டையை வைத்து, மரக் கட்டைகளும் ஆப்புகளும் கொடுத்து இறுக்கி முடிக்க ஒன்றரை மணி ஆனது. அப்போது தொலைபேசி அடித்தது. அறவாழி.

"நல்ல செய்தி உமையாள். நிர்வாகத்துல பேசிட்டேன். கரண்ட்ட நிறுத்திடலாம்னு முடிவு பண்ணியிருக்காங்க. சுவர் தாங்கும்னு நம்புறாங்க. நீங்கதானே கேட்டீங்க?"

உமையாள் ரிசீவரை இறுகப் பிடித்தாள். காலையில் அரை மணி நேரம் தாங்குமா என்று தெரியாத சுவர் மத்தியானம் எப்படித் தாங்கும்? அறைக்குள் கடல் நிறைந்துவிட்டால் கதவு ஏன் ஒட்டியது என்று யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. பழி எல்லாம் நங்கூரத்தின் தலையில் போய்விடும். அப்படி நினைப்பது தவறாகவும் இருக்கலாம். ஆனால் அவளுக்கு அறவாழியைப் பத்து வருடமாகத் தெரியும்.

"நிறுத்தாதீங்க சார். அஞ்சு மடங்கா ஏத்துங்க."

"என்ன சொல்றீங்க?"

"ஏத்துங்க. விரிசலுக்கும் அது நல்லது. இந்தப் பேச்சு பதிவாகுதுன்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நாங்க ரெண்டு பேரும் ஏத்தச் சொல்லிக் கேக்கறோம்."

கஸ்பார் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து, "ஆமா சார், கஸ்பார் பேசுதேன். ஏத்துங்க" என்றார்.

இரண்டு நிமிடம் கழித்து விளக்குகள் ஒருமுறை மங்கித் தெளிந்தன. சுவரிலிருந்து தேனீக்கூட்டம்போல மெல்லிய ரீங்காரம் எழுந்தது.

அதன் பிறகு செய்வதற்குத் துளைபோடுவதைத் தவிர வேறில்லை. ஒருவர் துளைக்க, மற்றவர் உட்கார்ந்திருந்தார். ஒன்று திறந்தால் இன்னொன்று மூடியது. காற்று கனத்தது. தலைக்குள் யாரோ மெதுவாகத் தட்டுவதுபோல் இருந்தது. அறையின் சுவர்கள் நெருங்கி வந்துவிட்டன என்று உமையாளுக்குத் தோன்றியது. அவை நகரவில்லை என்று தெரிந்தும் இரண்டு முறை கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். மேலே தொண்ணூறு மீட்டர் தண்ணீர். அதற்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும் பகல். அதை நினைக்காமல் இருக்க முயன்றாள்.

தொலைபேசி மறுபடி மறுபடி அடித்தது. கஸ்பார் போய் அதன் வயரைப் பிடுங்கிவிட்டு வந்தார். "தலவலிக்கு" என்றார்.

மூன்று மணிவாக்கில், துளையானை அவளிடம் கொடுத்துவிட்டுத் தரையில் சாய்ந்தபடி அவர் கேட்டார். "அந்தப் பீங்கான் பூச்சு எத்தன வருசம் தாங்கும்னு சொன்னாவ?"

"இருபது."

"அஞ்சுதான ஆவுது?"

கரண்ட்டை ஏற்றியதால் கரைந்தது என்று அவள் சொல்லியிருக்கலாம். அது பொய்யும் அல்ல. அவள் துளையானை நிறுத்தினாள்.

"அந்த இருபத எழுதினது நான்தான் அண்ணே."

கஸ்பார் கண்ணைத் திறந்தார்.

"ரெண்டு விதமா சோதிச்சோம். சாதாரணக் கரண்ட்டுல இருபது வருஷம். விரிசல் விட்டா மூணு மடங்கு ஏத்த வேண்டியிருக்கும்னு அதையும் சோதிச்சேன். அதுல நூறு மணி நேரம். அதுக்கு மேல பூச்சு நிக்கல. ரிப்போர்ட்டு அட்டவணைல ரெண்டு வரிசையும் இருந்துச்சு. மூணு மடங்கெல்லாம் யாரும் ஏத்தப் போறதில்ல, அந்த வரிசை இருந்தா திட்டமே கைவிட்டுப் போயிடும்னு அறவாழி சார் சொன்னார். நான் எடுத்துட்டேன். நோட்டையும் கிழிச்சுட்டேன்." அவள் விரலால் கணக்குப் போட்டாள். "திங்கக்கிழமை காலை ஏழு மணி. இன்னிக்குப் பத்தே முக்கால். தொண்ணூத்தொம்பதே முக்கால் மணி நேரம்."

கஸ்பார் எழுந்து உட்கார்ந்தார்.

"அறைக்கு ரெண்டு பேரு" என்றார். "அஞ்சு வருசம். நாங்க எத்தன பேரு இந்தக் கதவ நம்பி எறங்கிருப்போம்?"

பிறகு தகட்டைக் கை காட்டினார்.

"ஓட்டையப் போடுங்க மேடம். மூடிக்கிட்டு வருது."

நாலரை மணிக்கு மூன்றாவது பிட் உடைந்தது. ஐந்து மணிக்கு இரண்டாவது பேட்டரி நின்றது. அப்போது தகட்டில் நான்கு துளைகள் திறந்திருந்தன. கஸ்பார் கடைசிப் பிட்டைக் கையால் திருகிப் பார்த்தார், முடியவில்லை. "இனி கதவுதான்" என்றார்.

பம்பைத் தூக்கப் பயன்படும் ஜாக்கியை இருவருமாக இழுத்து வந்து, பம்பின் பீடத்தின் மேல் நிறுத்தி, ஓர் இரும்புத் தூணைக் கொடுத்துக் கதவின் நடுவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். கஸ்பார் கைப்பிடியை அடித்தார். நாற்பது அடி. ஐம்பது அடி. தூண் முனகியது. கதவு அசையவில்லை. அவருக்கு வாந்தி வந்தது; ஓரமாகப் போய் எடுத்துவிட்டு வந்து மறுபடி பிடித்தார். உமையாளும் சேர்ந்து தொங்கினாள். இரண்டு துளைகள்தான் மிச்சம் என்று அவள் பார்த்தாள், சொல்லவில்லை.

அது பெரிய சத்தத்தோடு உடையவில்லை. ரஸ்க்கைக் கடித்ததுபோல் ஒரு நொறுக். பிறகு இன்னொன்று. பிறகு கதவின் விளிம்பைச் சுற்றிச் சாம்பல்நிறத் துகள் மாவுபோல அவர்கள் தலைமேல் கொட்டியது. கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்து மேலே எழும்பியது. கூண்டின் விளக்கு வெளிச்சமும் குளிர்ந்த காற்றும் சேர்ந்து இறங்கின.

கஸ்பார் அவளை முதலில் ஏற்றிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து விசாரணை நடந்தது. அதற்குள் உமையாளின் படம் செய்தித்தாள்களில் வந்திருந்தது. செம்புப் பட்டை யோசனையைப் பற்றிக் கல்லூரிகளில் பேசக் கூப்பிட்டார்கள். அவள் எங்கும் போகவில்லை. குழுவின் முன்னால் நின்று, நீக்கிய வரிசையைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னாள். யார் சொல்லி எடுத்தாள் என்பதையும் சொன்னாள்.

அறவாழி மறுத்தார். அப்படி ஒரு சோதனையே நடந்ததாகப் பதிவு இல்லை என்றார். ஆதாரம் இருக்கிறதா என்று குழுத் தலைவர் கேட்டார். நோட்டு இல்லை. கணினியில் இல்லை. இதை முன்பு யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டார்.

"அறையில் இருந்தபோது கஸ்பாரிடம் சொன்னேன்."

கஸ்பாரைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார்.

"அந்த மாதிரி ஒண்ணும் சொல்லல சார்" என்றார். "மேடத்துக்கு அன்னைக்குக் காத்து பத்தாம ஒரே மயக்கம். என்னென்னமோ பேசுனாவ. அவ்வோ பையன் ரூமுக்குள்ள நிக்கான்னு கூடச் சொன்னாவ. அதெல்லாம் கணக்குல எடுக்க முடியுமா?"

உமையாள் எழுந்து நின்றாள். உட்காரச் சொன்னார்கள்.

காற்றுக் குறைவால் ஏற்பட்ட நினைவுக் குழப்பம் என்று குழு எழுதியது. யார்மீதும் குற்றம் இல்லை. எல்லாக் கதவுகளுக்கும் புதுப் பூச்சு கொடுக்க வேண்டும். கரண்ட்டை ஏற்றுவது பற்றித் தொழிலாளர்களோடு பேசி ஒரு நடைமுறை வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

அவள் வெளியே வந்தபோது கஸ்பார் எதிரே இருந்த டீக்கடையில் நின்றிருந்தார். அவளுக்கும் ஒரு டீ சொன்னார்.

"ஏன் அண்ணே?" என்றாள். "எனக்காக ஏன் பொய் சொன்னீங்க? நான் கேட்டேனா?"

"உங்களுக்காகச் சொல்லல மேடம்."

அவர் டீயை ஆற்றி ஒரு வாய் குடித்தார்.

"உங்கள ஜெயில்ல போட்டா நாளைக்கே வேற ஒரு ஆள வச்சு அந்தாளு எழுதி வாங்கிருவான். இருபதுன்னு என்ன, நாப்பதுன்னே எழுதுவாவ. எழுதுதவன் எறங்க மாட்டான். எறங்குதது நாங்க. ரூமுகள மூட மாட்டாவ, ஊருக்குத் தண்ணி வேணும். அங்க பூச்சு என்ன ஆவும்னு தெரிஞ்ச ஒரே ஆளு நீங்க. உங்கள வெளிய அனுப்பிட்டு நாங்க யாரக் கேக்க?"

அவள் கையில் இருந்த கிளாஸ் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"நேத்து எங்க ஆளுவ எல்லாம் கூடிப் பேசிட்டோம். நிர்வாகத்துக்கும் எழுதிக் குடுத்தாச்சு. இனிமே எந்த ரூமுலயாவது கரண்ட்ட ஏத்தணும்னா, நீங்க அந்த ரூமுக்குள்ள இருக்கும்போதுதான் ஏத்தணும். எறக்குத வரைக்கும் நீங்க உள்ள இருக்கணும். அப்பிடின்னாத்தான் நாங்க வேலைக்கு வருவோம். அவ்வோ சம்மதிச்சிட்டாவ. நீங்க?"

அவள் அவரையே பார்த்தாள். அந்த அறையின் காற்று இந்த வெயிலிலும் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. முடியாது என்று சொல்லலாம். நாளைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் போகலாம். யாரும் தடுக்க மாட்டார்கள்.

"சரி" என்றாள்.

கஸ்பார் இரண்டு டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார். நாலடி போய்த் திரும்பினார்.

"நான் உங்கள மன்னிக்கல மேடம். அத மட்டும் தப்பா நெனச்சிராதீங்க."

ஜனவரியில் இரண்டாம் அறையின் தரையில் விரிசல் கண்டார்கள். பதினொரு நாள் மூன்று மடங்கு கரண்ட் தேவை என்று கணக்கு வந்தது. பம்பை நிறுத்தினால் நகரத்தில் கால்வாசிப் பேருக்குத் தண்ணீர் இல்லை. உமையாள் மகனை அம்மாவிடம் விட்டுவிட்டு, மாற்றுத் துணியும் பூச்சின் கனத்தை அளக்கும் கருவியும் எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனாள்.

விதிப்படி இரண்டாவது ஆள் ஒருவர் வேண்டும். யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். கூண்டுக்குள் ஏறியபோது கஸ்பார் ஏற்கெனவே உள்ளே இருந்தார். மடியில் ஒரு பெட்டி. அதில் பெரிய துளையான், ஆறு பேட்டரி, விரல் தடிமனுக்கு ஒரு டஜன் பிட்டுகள்.

"நீங்க ஏன் அண்ணே?"

"வேற யாரு வருவா?" என்றார் எரிச்சலோடு.

அறைக்குள் வந்ததும் கூரைக் கதவு மேலே மூடிக்கொண்டது. அவள் ஏணியில் ஏறி விளிம்பைச் சுற்றிப் பன்னிரண்டு இடங்களில் பூச்சை அளந்து, வந்த எண்களை வந்தபடியே எழுதினாள். நோட்டைக் கஸ்பாரிடம் நீட்டினாள். அவர் ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துப் படித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார். பூச்சு நூறு மணி நேரம்தான் நிற்கும் என்பதால், ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அரை மணிக்கு ஒருமுறை கதவைத் திறந்து மூட வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூங்கக் கூடாது. அதை மட்டும் பேசிக்கொண்டார்கள்.

உமையாள் தொலைபேசியை எடுத்தாள்.

"ஏத்துங்க" என்றாள்.

விளக்குகள் மங்கித் தெளிந்தன. கஸ்பார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஏணியில் ஏறி, கதவின் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.